கழித்தது போக

முதலில் சுமையோடு ஏறும் வண்டி,
பிறகு வெறுமையாக.
முந்தையதில் பிந்தையதைக் கழித்தால் இரும்பு.
இரண்டு முறையும் தராசில் நின்ற குதிரை
கழித்தலில் காணாமல் போய்விடும்.
பதினொரு வருடமாக இதுதான் என் வேலை,
பிலிப்பியில்,
பழைய இரும்புக் கிடங்கின் சன்னலுக்குப் பின்னால்.

ரீத்வானின் குதிரைக்கு ரூய்போஸ் என்று பெயர்.
கொதித்து ஆறிய சிவப்புத் தேநீரின் நிறம்.
வண்டியின் பின்பலகையில் எண் தகடு உண்டு.
லாடம் புதிது,
செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இலவசமாக அடித்தது.
கழுத்துப்பட்டை உரசும் இடத்தில்
பழைய போர்வையை மடித்துத் தைத்திருக்கிறான்.
குற்றம் சொல்ல ஏதுமில்லை.

ஆனாலும் ஒரு திங்கட்கிழமை
அது திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது,
அங்கிருந்து யாரோ கூப்பிட்டதுபோல.
முன்காலால் தரையைக் கீறியது.
ஏர்க்கால்களுக்கு நடுவிலேயே படுக்கப் போனது.
பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நொம்புலேலோ
ஊசி போட்டு முடித்ததும்
என்னிடம் கேட்டது ஒரு கண்ணாடிச் சீசா.
ஊறுகாய் தீர்ந்த ஒன்று இருந்தது.
ஒரு கைப்பிடி லத்தி, மேலே தண்ணீர்.
குலுக்கிச் சன்னலில் வைத்தாள்.
நார்கள் மிதந்தன.
கலங்கல் மெல்லத் தெளிய
அடியில்
இரண்டு விரல் உயரத்துக்கு மணல்.

இந்தப் பக்கமே மணல்மேல்தான் நிற்கிறது.
தென்கிழக்குக் காற்று அதைக்
கதவிடுக்கில் வைக்கும், ரொட்டியில் வைக்கும்,
தூங்கும் பிள்ளையின் காதில் வைக்கும்.
தரையில் கொட்டிய வைக்கோலோடு
குதிரை அதையும் மென்று விழுங்கும்.
யாரும் காசு கொடுக்காத எடை.
எத்தனை முறை அதை ஏற்றினேனோ தராசில்,
எத்தனை முறை கழித்தேனோ.

"இசப்கோல் வேண்டும்" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
அப்பாவுக்காக ரைலண்ட்ஸ் கடையில்
மாதம் ஒரு டப்பா வாங்குபவள் நான்.
"அதேதான். ஆனால் குதிரை அளவு."
அன்று மாலை நான் சுமந்து வந்த மூட்டையைப் பார்த்து
அப்பா கேட்டார், "எனக்கா இவ்வளவும்?"

"தரையில் தீனி போடாதே" என்றால்
ரீத்வான் சண்டைக்கு வருவான்.
"பின்னே? மேசை போட்டு, தட்டு வைத்தா?"
அவன் வண்டியிலேயே கிடந்தது அது,
இரண்டு கீசர், வேலிக்கம்பி,
ஒரு ஃப்ரிட்ஜின் எலும்புக்கூடு
எல்லாவற்றுக்கும் அடியில்:
துணி துவைக்கும் இயந்திரத்தின் உருளை.
உடம்பெல்லாம் ஓட்டை. துளித் துரு இல்லை.
"விளிம்பை அரத்தால் தேய்.
தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வை.
மணல் கீழே இறங்கிவிடும், வைக்கோல் தங்கும்."
"அது நல்ல எஃகு, மிஸ். கிலோ பன்னிரண்டு ராண்ட்."
"தெரியும். விலைப்பலகை எழுதினவளே நான்தான்."
கழற்றித் தனியே வைத்தேன்.
அவன் பேசாமல் கையெழுத்திட்டான்.

சீசாவில் மணல் குறைந்தது.
ஒரு விரல். பிறகு அரை விரல்.
பிறகு ஒரு கோடு.

ஆகஸ்ட்டில் ஒன்பது நாள் விடாத மழை.
பத்தாம் நாள் ஏறக்குறைய வெறும் வண்டி.
அதில், முன்னால், அந்த உருளை.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் சீசாவைப் பார்க்கவில்லை.
எடை போட்டேன். ஆறு கிலோ நானூறு.
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
வெளியே போய், உருளையைத் தூக்கி
மறுபடி அவன் வண்டியிலேயே வைத்தேன்.
கிடங்குக் கணக்கில் ஏறவில்லை அது;
என் பர்ஸில் குறைந்தது.
"அடுத்த மாதமும் விற்பேன், மிஸ்" என்றான்.
கேலியா உண்மையா, தெரியவில்லை.

இன்னும் இறங்கவில்லை வண்டி.
எண்கள் ஓய்ந்த பிறகுதான்
பொத்தானை அழுத்த வேண்டும் என்பது விதி.
ரூய்போஸ் ஒரு பின்காலை மடித்து
மறு காலுக்குப் பாரம் மாற்றியது,
மூச்சு விட்டது.
சிவப்பு எண்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன.
காத்திருந்தேன்.